எதிரணி சொல்லாததற்கு நான் சொன்ன பதில்

விவாதப் போட்டியில் தோற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, எதிரணிக்குத் தேவையான கடைசி வாதத்தைத் தானே தயாரித்துக் கொடுத்து, அதனாலேயே தன் அணியைத் தோற்கடித்தவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நான் சொன்னது பிழை என்று இன்றுவரை ஒருவரும் நிரூபிக்கவில்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன்.

தலைப்பைக் கேளுங்கள்: 'பாடசாலை ஆங்கில வகுப்பு மாணவரைத் தர்க்கரீதியாகச் சிந்திக்கப் பழக்குகிறது.' நாங்கள் 'ஆம், பழக்குகிறது' என்கிற பக்கம். அதை நிரூபிக்கும் பேச்சை எங்கள் ஆங்கில ஆசிரியை நஸ்மியா டீச்சர் ஒரு சொல் விடாமல் எழுதித் தந்தார். நான் அதை ஒரு சொல் விடாமல் பாடமாக்கினேன். (சிந்திக்கப் பழகிவிட்டோம் என்பதைப் பாடமாக்கி ஒப்புவிப்பதில் ஏதோ இடிக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றுகிறது. எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

அது சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வந்து, உயர்தர வகுப்புக்குப் படிவம் நிரப்ப வேண்டிய வாரம். அக்கரைப்பற்றில் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் அந்தப் படிவம் கிடந்தது. பெயர், முகவரி, பிறந்த திகதி எல்லாம் எழுதியாகிவிட்டது. 'பிரிவு' என்ற கட்டம் மட்டும் வெறுமை. எனக்குச் சட்டம் படிக்க ஆசை, அதனால் கலைப்பிரிவு. வாப்பாவுக்கு நான் டொக்டர் ஆகவேண்டும், அதனால் உயிரியல். வாப்பா சாகாமத்துப் பக்கம் வயல் செய்கிறவர். வரம்பில் நின்றபடியே நெல்லுக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். நெல்லுக்குப் பார்க்கத் தான் இருப்பதால், மனிதருக்குப் பார்க்க வீட்டில் ஒருத்தி இருக்க வேண்டும் என்பது அவருடைய நியாயம்.

"லோயர் எண்டா வாய் வேணும் மகள்," என்றார் வாப்பா.

"எனக்கு வாய் இல்லையா வாப்பா?"

"அது மட்டுந்தான் இரிக்கி," என்று குசினிக்குள்ளிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"வீட்டுக்குள்ள கதைக்கிற வாய் வேற. நாலு பேருக்கு முன்னால கதைக்கிற வாய் வேற," என்றார் வாப்பா. கொஞ்ச நேரம் படிவத்தைப் பார்த்தார். "சரி, ஒரு கதை. சனிக்கிழம அந்த இங்கிலீசுப் போட்டியில நீ வெண்டா ஆர்ட்ஸ் எடு. நான் மறுத்து ஒரு வார்த்த கதைக்க மாட்டன்."

உம்மா சாட்சி. (வாப்பாவின் இந்த வசனத்தைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு மீன் கடையில் தேவைப்படும்.)

ஆக, மற்றவர்களுக்கு அந்தப் போட்டி ஒரு பரிசுக் கேடயம். எனக்கு அது அந்தக் கட்டம்.

நாங்கள் போய்வந்த போட்டிகளில் ஒரு வழக்கம் இருந்தது. போட்டிக்கு முதல் வாரம் இரண்டு அணி ஆசிரியர்களும் தொலைபேசியில் பேசி, 'எங்கட பிள்ளை இதைச் சொல்லும், உங்கட பிள்ளை எதைச் சொல்லும்?' என்று பேச்சுகளைப் பரிமாறிக்கொள்வார்கள். களவு என்று நினைக்க வேண்டாம், இரக்கம்தான் காரணம். மேடையில் பேச்சு வராமல் நின்று பிள்ளைகள் அழக்கூடாது பாருங்கள். எனவே என்னுடைய தாளில் எதிரணித் தலைவி சொல்லப்போகும் மூன்று கருத்துகள் இருந்தன. அவற்றை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டவள்போல் அதிர்ச்சியடைந்து நான் சொல்லவேண்டிய மூன்று பதில்களும் இருந்தன. ஓரத்தில் சிவப்புப் பேனையால் டீச்சர் எழுதியிருந்தார்: 'இங்கே மூன்று விநாடி யோசி.'

அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று யோசிப்பதை மட்டும் இரண்டு நாள் பழகினேன். ஆள்காட்டி விரலை வாய்க்குக் கீழே நாடியில் வைத்து, கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, ஒன்று, இரண்டு, மூன்று. மிக நன்றாக யோசித்தேன். உம்மாவே பார்த்துவிட்டு, "பல்லு வலியா புள்ள?" என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை கல்முனையில் ஒரு மண்டபம். வாப்பா வெள்ளைச் சேர்ட்டும் அத்தர் வாசமுமாக, பெருநாள் தொழுகைக்கு வந்தவர்போல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாப்பாவுக்கு ஆங்கிலத்தில் உரவகைகளின் பெயர்கள் மட்டும்தான் தெரியும். ஆனாலும், "நீ கதைக்கிறது வெளங்காட்டியும், சனம் கை தட்டுறது வெளங்கும்தானே," என்று சொல்லித்தான் வந்திருந்தார்.

முதலில் என் தோழி ஹஸ்னா பேசினாள். பிறகு எதிரணியில் ஒருத்தி. அடுத்தது அவர்களுடைய தலைவி, எல்லோருக்கும் கடைசியில் மறுப்புரையோடு நான். அந்த இடத்தில்தான் அவர்களின் ஆசிரியர் எழுந்து ஒரு அறிவித்தல் செய்தார். தலைவிக்குக் கொப்புளிப்பான் அம்மை. முதல் நாள் இரவுதான் உடம்பு முழுக்கப் போட்டிருக்கிறது. அவருக்குப் பதிலாகத் தர்ஷினி என்ற மாணவி பேசுவார்.

தர்ஷினி தம்பிலுவில் என்ற ஊர்ப் பிள்ளை. அன்றைக்குப் பாட்டுப் போட்டிக்காக வந்தவள். இரட்டைப் பின்னலோடு எழுந்து வந்தாள். கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"பாவம்டி, ஒண்ணுமே பாடமாக்கல்ல போல," என்றேன் ஹஸ்னாவின் காதுக்குள்.

"நமக்கு நல்லதுதானே," என்றாள் ஹஸ்னா.

பாடமாக்க நேரமில்லாமல் போன ஒரே காரணத்தால் அந்தப் பிள்ளை யோசிக்க வேண்டியதாகிவிட்டது. எங்கள் அழிவு அங்கேதான் தொடங்கியது.

(இனி மேடையில் நடந்தது எல்லாம் ஆங்கிலத்தில். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். என் ஆங்கிலம் இந்தத் தமிழைவிட நாலு மடங்கு பிழையாக இருந்தது.)

தர்ஷினி சபையைப் பார்த்துச் சொன்னாள்: "எங்கள் வகுப்பில் ஒரு வாசிப்புப் பயிற்சி செய்தோம். 'செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நிமால் சந்தைக்குப் போகிறான். நிமாலுக்கு வயது பத்து.' கேள்வி: நிமால் எங்கே போகிறான்? விடை: சந்தைக்கு. முழுப் புள்ளி. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பத்து வயதுப் பிள்ளை ஏன் பாடசாலையில் இல்லை? இதை எங்கள் வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் புள்ளியும் இல்லை."

அவ்வளவுதான். நன்றி என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தந்த நேரத்தில் முக்கால்வாசி மிச்சம்.

நான் எழுந்தேன். முதல் இரண்டு நிமிடம் பேச்சு வாய்க்கால் திறந்ததுபோல் ஓடியது. பிறகு மறுப்புரை வந்தது. சுட்டுவிரலை தர்ஷினியை நோக்கி நீட்டினேன்.

"என் மதிப்புக்குரிய எதிரணித் தலைவி சொன்னார், ஆங்கில வகுப்பு என்பது வெறும் இலக்கணம் என்று!"

தர்ஷினி திரும்பித் தனக்குப் பின்னால் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு மெதுவாகக் கையை உயர்த்தினாள். "நான் இலக்கணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?"

சபையில் ஒரு சிரிப்பு ஓடியது. அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாடமாக்கிய பேச்சுக்கு பிரேக் கிடையாது.

"இரண்டாவதாக அவர் சொன்னார், ஆங்கிலம் தொழில் எடுப்பதற்கு மட்டும்தான் என்று!"

"அதையும் நான் சொல்லவில்லை."

தலைமை நடுவர், தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, பேனையைக் கீழே வைத்தார். "பிள்ளை, அவர் அப்படிச் சொல்லவில்லையே."

அப்போது என் வாயிலிருந்து வந்தது தாளில் இல்லாதது. அன்றைக்கு நான் சொந்தமாகப் பேசிய முதல் வசனம். பதறிப்போய், கிட்டத்தட்ட அழுகிற குரலில், மைக்கில் சொன்னேன்:

"ஆனால் அவர் அதைச் சொல்லத்தானே வேண்டும்!"

மண்டபம் இடிந்து விழுந்தது. நடுவர்கள் சிரித்தார்கள். எதிரணி ஆசிரியர் கைலேஞ்சியால் முகத்தை மூடினார். மணியடிக்க உட்கார்ந்திருந்தவர் சிரித்த சிரிப்பில் மணியில் கை பட்டு, நேரம் முடியாமலே மணி அடித்தது. நஸ்மியா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. வாப்பாவைப் பார்த்தேன். சபையின் சந்தோசத்தைக் கண்டு, மகள் வெளுத்து வாங்குகிறாள் என்று நினைத்து, எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டிக்கொண்டிருந்தார்.

சத்தம் அடங்கியதும் தலைமை நடுவர் கேட்டார்: "சரி, அவர் உண்மையில் சொன்னதற்குப் பதில் சொல்லுங்கள். நிமால் ஏன் சந்தைக்குப் போனான் என்று உங்கள் வகுப்பில் யாராவது கேட்டதுண்டா?"

என் விரல் தன்பாட்டுக்கு நாடிக்குப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று. தலைக்குள் தேடினேன். அங்கே டீச்சரின் கையெழுத்தைத் தவிர ஒன்றும் இல்லை. நாலு, ஐந்து. அதற்கும் பின்னால், ஒன்பதாம் ஆண்டில் நடந்த ஒன்று கிடந்தது. ஒரு பாடத்தில் வந்த பெண் ஏன் கடிதத்தை ஒளித்து வைத்தாள் என்று நான் எழும்பிக் கேட்டிருந்தேன். 'அது கேள்வியில இல்ல, இரி,' என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஆங்கில வகுப்பில் நான் எழும்பிக் கேட்டதேயில்லை.

எனக்கு ஒரு குணம். பாதி நனைந்தால் ஓடி ஒதுங்குவேன். முழுக்க நனைந்துவிட்டால் மழையோடு சண்டைக்குப் போவேன். அப்போது நான் முழுக்க நனைந்திருந்தேன்.

"இல்லை," என்றேன். "யாரும் கேட்டதில்லை. ஆங்கில வகுப்பு என்னைச் சிந்திக்கப் பழக்கியிருந்தால், இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கும். என்னிடம் பதில் இல்லை. ஆகவே, அது என்னைச் சிந்திக்கப் பழக்கவில்லை. நன்றி."

ஹஸ்னா என் தாவணியை இழுத்த இழுப்பில் நான் பின்பக்கமாக வந்து கதிரையில் விழுந்தேன்.

முடிவு அறிவிக்கும்போது தலைமை நடுவர் சொன்னார்: "இன்றைய மிகச் சிறந்த வாதம் கடைசிப் பேச்சாளருடையது. ஆனால் அது எதிரணிக்குச் சார்பான வாதம். ஆகவே அதன் புள்ளியையும் எதிரணிக்கே சேர்த்திருக்கிறோம்." மறுபடி கைதட்டல். மறுபடி வாப்பா.

வெளியே வேப்பமரத்தடியில் நஸ்மியா டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. இரண்டு வாரம் தன் பிள்ளைகளை மாமியிடம் விட்டுவிட்டு எங்களைப் பழக்கியவர் அவர். அது எனக்குத் தெரியும்.

"றிஸ்னா, எல்லாம் நல்லாத்தானே போச்சி. ஒன்ன ஆரு யோசிக்கச் சொன்ன?"

"பேப்பர்ல நீங்கதான் டீச்சர் எழுதியிருந்தீங்க. 'இங்கே யோசி' எண்டு."

டீச்சர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். சிரிப்பு வந்ததா, அடிக்கக் கை வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வேனை நோக்கிப் போய்விட்டார்.

கேடயத்தைக் கட்டிப் பிடித்தபடி தர்ஷினி ஓடி வந்தாள். "அக்கா, கோவிக்காதீங்க. நான் என்னதான் சொல்லியிருக்கணும்? எனக்கு ஒருத்தரும் சொல்லவே இல்ல." நான் தாளைக் கொடுத்தேன். வாசித்துக்கொண்டு போனவள் சிவப்பு எழுத்தில் நின்றாள். "இதென்ன, யோசிக்கிறதுக்கும் நேரம் குறிச்சிருக்கு?" கேட்டுவிட்டு, கேட்டிருக்கக்கூடாதோ என்று நாக்கைக் கடித்தாள்.

பிறகு வாப்பாவின் மோட்டார் சைக்கிள். கல்முனை தாண்டியதும் வாப்பா கேட்டார்.

"எல்லாரும் ஒனக்குத்தானே கை தட்டின?"

"ஓம் வாப்பா."

"மறுகா ஏன் அவங்க கேடயத்த அந்தப் புள்ளைக்கிட்டக் குடுத்த?"

பொய் சொல்லியிருக்கலாம். நடுவர் பக்கச்சார்பு என்று சொன்னால் வாப்பா வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் மண்டபத்தில் நியாயம் கேட்டிருப்பார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். வாப்பா பிரேக் பிடித்தார்.

"ஒனக்கு எதிரா நீயே சாட்சி சொன்னியா? நீ லோயரானா, ஒன்ன நம்பி வந்த கட்சிக்காரன மறியல்ல அடைச்சிப்போட்டுத்தான் மறுவேல பாப்பாய்."

ஒலுவில் துறைமுகத்தடியில் மீனுக்காக வண்டியை நிறுத்தினார். அப்போதுதான் கரைக்கு வந்த சூரை மீனைப் பலகையில் போட்டு ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார். வாப்பாவுக்கு வாடிக்கையானவர், அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடுகிறவர்.

"நல்லதா ஒண்ட வெட்டு தம்பி," என்ற வாப்பா, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "வீட்ட போய்ப் படிவத்துல பயோ எண்டு எழுதிருவம்."

எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையோடு ஒரு கேள்வியும் வந்தது. அதை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை.

"வாப்பா, நீங்க அண்டைக்கு என்ன சொன்ன?"

"வெண்டா ஆர்ட்ஸ் எண்டன்."

"தோத்தா?"

"தோத்தா பயோ."

"அத எப்ப சொன்ன?"

வாப்பா யோசித்தார். நாடியில் விரல் வைக்காமல், நிஜமாகவே யோசித்தார். "அதத் தனியாச் சொல்லணுமா? அதுக்குள்ளயே இரிக்கிதானே."

"இல்ல வாப்பா. மழ பெஞ்சா வெதப்பன் எண்டு சொல்றீங்க. அப்ப மழ பெய்யாட்டி வெதைக்க மாட்டீங்களா? சிறுபோகத்துக்கு மழயா பெய்யிது? குளத்துத் தண்ணி வாய்க்கால்ல வந்தா வெதைக்கிற இல்லையா?"

மீன் வெட்டிய கத்தி நின்றது. "ஓம் காக்கா," என்றார் மீன்காரர். "போன சிறுபோகம் நீங்க வெதச்சீங்கதானே. எனக்குப் புது அரிசியும் அனுப்பினீங்களே."

"நீ மீன வெட்டு தம்பி."

"வெட்டுறன். ஆனா புள்ள சொல்றது ஞாயம்."

வாப்பா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "சரி. தோத்தா பயோ எண்டு நான் சொல்லல்ல. தோத்தா ஆர்ட்ஸ் எண்டும் நான் சொல்லல்லதானே?"

மீன்காரர் தலையை ஆட்டினார். "அதுவும் ஞாயம்."

ஆங்கில வகுப்பில் ஒரு நாளும் உட்காராத மனிதர், நான் வெட்டிய வாய்க்காலிலேயே தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிவிட்டார். எனக்குக் கோபத்துக்குப் பதிலாகச் சந்தோசம் வந்தது. இவ்வளவு நாளும் நான் தேடிய எதிரணி இதுதான். நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு, அதற்கே பதில் சொல்கிற எதிரணி.

"அப்ப நீங்க சொன்ன வாக்குல ஒண்ணும் முடிவாகல்ல வாப்பா. நாம திரும்பவும் முதல்ல இருந்து கதைக்கணும். நான் டொக்டரானா நீங்க சந்தோசப்படுவீங்க. நான் சந்தோசப்பட மாட்டன். நாலு பேருக்கு முன்னால எனக்குக் கதைக்க வராது எண்டுதானே நீங்க பயந்த? இண்டைக்கு முந்நூறு பேருக்கு முன்னால, தோத்துருவன் எண்டு தெரிஞ்சும், உண்மையச் சொல்லிப்போட்டு வந்திரிக்கன். இதுக்கு மேல என்ன வாய் வேணும்?"

வாப்பா காசை எண்ணி நீட்டினார். மீன்காரர் மீனைப் பையில் போட்டு என் கையில் தந்தார். மேலே ஒரு துண்டு கூடுதலாகக் கிடந்தது. "இது லோயர் புள்ளைக்கி," என்றார்.

வீட்டு வாசலில் உம்மா. "என்ன, வெண்டியா?"

வாப்பா மீன் பையை வாங்கி உம்மாவிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். "கல்முனையில இவ தோத்தா. ஒலுவில்ல நான் தோத்தன். பேனையக் கொண்டா."

அந்தக் கட்டத்தை நான்தான் நிரப்பினேன். 'கலை' என்று. இப்போது சட்டம் படிக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, ஆங்கிலம் வேண்டாம் என்கிறாள் இவள் என்று சிலர் கிளம்பக்கூடும். நான் அப்படிச் சொல்லவில்லை. (சொல்லாததற்குப் பதில் சொல்வதில் எனக்கு இருக்கிற அனுபவம் உங்களுக்கு இல்லை, என்னோடு போட்டிக்கு வராதீர்கள்.) ஆங்கிலம் வேண்டும். எனக்கு இன்றைக்குப் பாதிப் புத்தகம் அதில்தான். ஆனால் 'இரி' என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளையைச் சிந்திக்கப் பழக்க முடியாது, எந்த மொழியிலும். விடையைக் கையில் கொடுத்துவிட்டுக் கேள்வியைக் கேட்பது வகுப்பில்லை, ஒத்திகை. ஒலுவிலில் அந்த மீன் பலகைக்குப் பக்கத்தில் பத்து நிமிடத்தில் நான் படித்ததை, பதினொரு வருட ஆங்கிலப் பாடம் எனக்குத் தரவில்லை. மறுக்க விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம். மறுப்பைப் பாடமாக்கிக்கொண்டு மட்டும் வரவேண்டாம்.

இந்தச் சம்பவம் எங்கள் வீட்டுக்குச் செய்த தீமை ஒன்று உண்டு. அன்றிலிருந்து வாப்பா பாதி வாக்குக் கொடுப்பதே இல்லை. "நேரத்துக்கு வந்தா கூட்டிப்போவன், வராட்டி வுட்டுட்டுப் போவன், ரெண்டையும் சொல்லிட்டன்," என்பார். உம்மாவும் பழகிவிட்டார். "சூட்டோட வந்தா பொரிச்ச மீன், ஆறினா கொழம்பு மட்டும், ரெண்டையும் சொல்லிட்டன்." கறி நன்றாக இருந்தும் வாப்பா பேசாமல் சாப்பிட்டால், உம்மா அகப்பையை நீட்டி, "நீங்க அதச் சொல்லத்தானே வேணும்!" என்பார். மண்டபத்தில் நான் அழுத அதே குரலில்.

போன வாரம் வாப்பா விடுதிக்குப் போன் எடுத்தார்.

"வெள்ளிக்கிழம ஒன்னப் பாக்க வாறன் மகள். மழ பெஞ்சா வரமாட்டன். பெய்யாட்டி வருவன். ரெண்டையும் சொல்லிட்டன், பிறகு வழக்குக் கதைக்காத."

"தூறினா, வாப்பா?"

மறுபக்கம் சத்தமில்லை. ஒன்று, இரண்டு, மூன்று.

"அது என்ட பேப்பர்ல இல்ல புள்ள," என்றார்.